ஸ்டிரைக் தலைவர்... ஆவடியின் அமைச்சர்!

ஜார்ஜ் பெர்னாண்டஸ் 2019 ஜனவரி 29-ம் தேதி டெல்லியில் காலமானார். வயது 88. அல்சைமர் நோயால் பல வருடங்களாக நினைவிழந்து கிடந்தவரை, அன்று நாடே நினைத்துப் பார்த்தது.

பிரதமர் மோடியும் இரங்கல் சொன்னார், ராகுல் காந்தியும் சொன்னார். பீகாரில் நிதிஷ்குமார் கண்கலங்கினார். ஈழத்தமிழருக்குத் தோள் கொடுத்த நண்பரை இழந்த துக்கம் வைகோவுக்கு. கூடவே பழைய கேள்வியும் கிளம்பியது. 'சோஷலிஸ்ட்டாக வாழ்ந்தவர் பா.ஜ.க. கூட்டணிக்குப் போனது சரியா?'

சோஷலிசம் ஆவடிக்குப் புதிய வார்த்தை இல்லை. 1955-ல் 'சோஷலிச பாணி சமுதாயம்' என்று காங்கிரஸ் தீர்மானம் போட்டது இங்கேதான். பெர்னாண்டஸின் இரண்டு முகங்களும் இந்தப் பக்கத்துக்குச் சம்பந்தப்பட்டவை.

1974 மே 8-ல் அவர் தலைமையில் நாடு முழுக்க ரயில்வே ஸ்டிரைக் தொடங்கியது. 20 நாள் நீடித்தது. ஆயிரக்கணக்கானவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள், வேலையையும் இழந்தார்கள். அம்பத்தூர், ஆவடி ரயில்வே குடும்பங்களுக்கு அது சோறு சம்பந்தப்பட்ட விஷயம்.

அதே மனிதர் 1998-ல் பாதுகாப்பு அமைச்சரானார். ஆவடி டாங்க் தொழிற்சாலை அவர் துறையின் கீழ் வந்தது. 2001 பிப்ரவரியில் ரஷ்யாவுடன் 310 டி-90 டாங்கிகளுக்கு ஒப்பந்தம். அதில் 186 டாங்கிகளை உதிரிபாகங்களாகக் கொண்டுவந்து பூட்டும் வேலை ஆவடிக்குக் கிடைத்தது.

டெல்லிக்காரர்கள் அவரைக் கூட்டணிக் கணக்கில் எடைபோடட்டும். தொழிலாளர் வீட்டுக் கணக்கு வேறு. அதில் போன சம்பளமும் உண்டு, வந்த வேலையும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் பெர்னாண்டஸ் முழுசாகத் தெரிவார்.