வானத்துக் கண் பார்த்தால் மட்டும் போதுமா?

பட்டப்பகலில் ஊர் முழுவதும் செம்மஞ்சள் நிறமாக மாறினால் எப்படி இருக்கும்?

2023-ம் ஆண்டு ஜூன் 7-ந்தேதி அமெரிக்காவின் நியூயார்க் நகரம் அப்படித்தான் இருந்தது. வானளாவிய கட்டிடங்கள் புகையில் மறைந்தன. விமானங்கள் தாமதமாயின. பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளை வெளியே விளையாட விடவில்லை.

தீப்பிடித்தது நியூயார்க்கில் அல்ல. பக்கத்து நாடான கனடாவில்! அங்கே கியூபெக் மாநிலத்தில் மின்னல் தாக்கிப் பல காடுகளில் தீ மூண்டது. அந்தப் புகையைக் காற்று பல நூறு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்து நகரத்தின் மேல் போர்த்தியது.

காற்றின் மாசை அளக்க அங்கே 0 முதல் 500 வரை ஒரு கணக்கு உண்டு. 300-ஐத் தாண்டினால் எல்லோருக்கும் ஆபத்து. அன்று அது 400-ஐயும் தாண்டியது.

புகையில் உள்ள துகள் மிகவும் நுண்ணியது. நம் தலைமயிரின் பருமனில் 30-ல் ஒரு பங்குதான். மூக்கு அதைத் தடுக்க முடியாது. அது நுரையீரலின் அடிவரை போய்விடும். குழந்தைகளுக்கும், வயதானவர்களுக்கும், ஆஸ்துமா, இருதய நோய் உள்ளவர்களுக்கும் அது பெருங்கேடு.

இந்தப் புகை திருடனைப் போல் வந்துவிடவில்லை. புறப்பட்ட இடத்தில் இருந்தே ஒரு கண் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தது. அந்தக் கண்தான் செயற்கைக் கோள்.

அப்போது அமெரிக்காவின் கிழக்குப் பகுதியைக் கவனித்துவந்த செயற்கைக் கோளின் பெயர் 'கோஸ்-16'. அது பூமிக்கு மேலே சுமார் 35,800 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தது. பூமி ஒரு சுற்று சுற்றும் நேரத்தில் அதுவும் ஒரு சுற்று சுற்றும். எனவே எப்போதும் ஒரே பகுதியைப் பார்த்தபடி இருக்கும். 5 நிமிடத்துக்கு ஒரு படம் அனுப்பும்.

நெருப்பின் வெப்பத்தை அது இரவிலும் கண்டுகொள்ளும். பகலில் எடுத்த படத்தில் மேகம் வெள்ளையாகத் தெரியும். புகை பழுப்பாக, மங்கலாகத் தெரியும். படங்களை வரிசையாகப் பார்த்தால், புகை எந்தத் திக்கில் போகிறது என்பது விளங்கும். காற்றின் போக்கையும் சேர்த்துக் கணக்கிட்டால், நாளை எந்த ஊருக்கு வரும் என்று சொல்லலாம்.

புழுதியும் இப்படித்தான் பிடிபடுகிறது. 2020 ஜூன் மாதம் ஆப்பிரிக்காவின் சகாரா பாலைவனத்தில் கிளம்பிய புழுதி, அட்லாண்டிக் கடலையே தாண்டி, கரீபியன் தீவுகள் வழியாக அமெரிக்கா வரை போயிற்று. வழிநெடுகச் செயற்கைக் கோள்கள் அதைப் படம் எடுத்தன.

ஆனால், இந்தக் கண்ணுக்கும் ஒரு குறை உண்டு. புகை உயரத்தில் மிதக்கிறதா, நம் மூக்கின் அருகே இருக்கிறதா என்பது மேலே இருந்து பார்த்தால் சரியாகத் தெரியாது. மேகம் மூடினால் கீழே இருப்பது மறைந்துவிடும். ஆகவே, தரையிலும் காற்றை அளக்கும் கருவிகள் வேண்டும்.

நியூயார்க்கில் இரண்டுமே இருந்தன. எச்சரிக்கையும் வெளியாகி இருந்தது. ஆனால், அதை இன்னும் முன்னதாக, இன்னும் உரக்கச் சொல்லி இருக்க வேண்டும் என்று நகர நிர்வாகத்தைப் பலர் குறை கூறினார்கள். வானம் நிறம் மாறிய மறுநாள்தான் மாநில அரசு முகமூடிகளை வழங்கத் தொடங்கியது.

இதில் நமக்கும் பாடம் இருக்கிறது. நம் நாட்டுக்கும் இத்தகைய கண் உண்டு. 2024 பிப்ரவரி 17-ந்தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து 'இன்சாட்-3டிஎஸ்' செயற்கைக் கோள் ஏவப்பட்டது. காட்டுத் தீயையும், புகையையும், காற்றில் மிதக்கும் தூசியையும் கண்டு சொல்வது அதன் வேலைகளில் ஒன்று.

கண் பார்த்ததை வாய் சொல்ல வேண்டும். அதுவும் எளிய தமிழில் சொல்ல வேண்டும். "காற்றின் தரக் குறியீடு 300" என்றால் வீட்டில் இருக்கும் பாட்டிக்கு என்ன புரியும்? "நாளைக் காலை புகை வருகிறது. ஜன்னலைச் சாத்துங்கள். குழந்தைகளை வெளியே விடாதீர்கள். துணி முகமூடி போதாது, என்-95 முகமூடி போடுங்கள்" என்றால் எல்லோருக்கும் புரியும். வானொலியில், கைப்பேசியில், ஊர் ஒலிபெருக்கியில் அதைச் சொல்ல வேண்டும்.

கோடிக்கணக்கில் செலவழித்துக் கண்ணை மேலே அனுப்பிவிட்டோம். அது பார்த்த செய்தியைக் கடைசி வீடு வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது அரசின் கடமை. கேட்டவுடன் அதன்படி நடப்பது நம் கடமை.