கடலோர வெந்நீரூற்று விடுதியில்

ஜப்பானில் நாகசாகிக்குக் கிழக்கே, ஷிமபாரா தீபகற்பத்தின் மேற்குக் கரையில் ஒபாமா என்றோர் ஊர் உண்டு. அங்கே 105 டிகிரி வெப்பத்தில் ஊற்றுகள் பொங்குகின்றன. அவற்றை நம்பியிருக்கும் பழைய பாணி விடுதியொன்றில் நாம் ஓரிரவு தங்கினோம். வாயிலிலேயே காலணிகளைக் கழற்றிவிட வேண்டும். அறையில் கட்டிலில்லை, கோரைப் பாய்களின்மேல் இரவில் மெத்தை விரிக்கின்றனர். யுகாத்தா என்னும் பருத்தி அங்கியை இடப்புறம் மேலே வருமாறு அணியவேண்டும். வலப்புறத்தை மேலாக்குவது இறந்தோர்க்கு மட்டுமே! ஆறவைத்த ஊற்றுநீர் நிரம்பிய தொட்டி அனைவர்க்கும் பொது. ஆதலின் வெளியே அமர்ந்து, சோப்பிட்டு நன்கு குளித்த பின்னரே அதனுள் இறங்குகின்றனர். பிறர்பால் காட்டும் இம்மதிப்பு நம்மை மிகவும் கவர்ந்தது.

கழுத்தளவு நீரில் அமர்ந்து, வளைகுடாவில் கதிரவன் மறையக் கண்டோம். உடல் இளைப்பாறியது, உள்ளமோ ஊருக்குப் பின்னால் உயர்ந்து நிற்கும் உன்சென் மலையை நாடியது. அம்மலையின் கொதிக்கும் ஊற்றுகளிலேதான் 1627 பிப்ரவரி 28 அன்று பவுல் உச்சிபோரியும் வேறு 15 கிறிஸ்தவர்களும் விசுவாசத்தை மறுக்க இசையாமல் உயிர்நீத்தனர். அதற்கு ஒரு வாரம் முன்னர் அவருடைய மூன்று புதல்வர்களும் கடலில் கொல்லப்பட்டிருந்தனர். 2008இல் நாகசாகியில் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளிக்கப்பட்டது.

மறுநாள் பேருந்தில் மேலேறினோம். கந்தகப் புகை நடுவே ஒரு சிலுவை நின்றது. சற்றுத் தள்ளி, அந்த ஆவியிலேயே வெந்த முட்டைகளை ஒரு மூதாட்டி விற்றுக்கொண்டிருந்தார்.