கூலியை மட்டும் ஏன் சார் நோண்டுறீங்க?

போன ஞாயிறு நம்ம தமிழ் நண்பர்கள் கூடியபோது வழக்கமான பாட்டு ஆரம்பித்தது. "யூனியன்காரன்தான் சார் கெடுத்தான். சம்பளம் ஏத்தினா கார் கம்பெனி எல்லாம் ஓடிடும். ஃபோர்டு மறைமலை நகரை விட்டுப் போகலையா?" சொன்னவருக்கு ஐ.டி.யில் வருஷா வருஷம் இன்க்ரிமெண்ட் உண்டு :-)

நான் பேங்க்காரன். பேலன்ஸ் ஷீட் பார்க்காமல் நம்ப மாட்டேன்.

மாருதியின் 2023-24 கணக்கை எடுங்கள். 100 ரூபாய் விற்பனையில் ஊழியர் செலவு சுமார் 4 ரூபாய். பொருட்களுக்குப் போவது 70-க்கு மேல். சம்பளத்தை 25 சதவீதம் ஏற்றினாலும் கூடுவது ஒரே ஒரு ரூபாய். அந்த 70-க்குள் உதிரிபாகக் கம்பெனிக் கூலியும் ஒளிந்திருக்கிறதே என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் அங்கேயும் இரும்பும் அலுமினியமும்தான் பெரிய செலவு.

ஃபோர்டு கதைக்கு வருவோம். 2021-ல் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தபோது அவர்கள் சொன்ன காரணம், பத்து வருடத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். வண்டி விற்கவில்லை, ஆலை பாதி கூட ஓடவில்லை. கூலி இதில் எங்கே வந்தது? அதே ஃபோர்டு 2023-ல் அமெரிக்காவில் ஸ்டிரைக்குக்குப் பின் 2028 வரை 25 சதவீத உயர்வுக்கு கையெழுத்துப் போட்டது. உச்சச் சம்பளம் மணிக்கு 40 டாலரைத் தாண்டும். வண்டிக்கு 850 முதல் 900 டாலர் கூடும் என்று அவர்களே சொன்னார்கள். அங்கிருந்து ஓடிவிட்டார்களா?

இங்கே புனே பக்கம் தளேகாவில் ஜெனரல் மோட்டார்ஸ் 2020 டிசம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. மலிவுக் கூலி அவர்களைப் பிடித்து வைக்கவில்லையே!

நாடுகளின் மணிக்கூலியை வரிசைப்படுத்தும் அட்டவணையைக் காட்டுவார்கள். அதை வெகுகாலம் தயாரித்த அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகமே இந்தியா, சீனா எண்களை மற்ற நாடுகளோடு நேராக ஒப்பிடக் கூடாது என்று தனியாக வைத்திருந்தது. இந்திய எண்ணில் அமைப்புசார் ஆலைகள் மட்டுமே இருந்தன. பட்டறைப் பையன்கள் அதில் கிடையாது.

அந்தப் பையன்களை நான் கவுண்டரில் பார்க்கிறேன். காண்ட்ராக்டில் சேரும்போது சம்பளக் கணக்கு திறப்பார்கள். ஒரு வருடம் முடிவதற்குள் சம்பளம் வருவது நின்றுவிடும். பைக் லோன் கேட்டால் "வேலை நிரந்தரமா?" என்று கேட்கவேண்டியவனும் நான்தான். வண்டி அசெம்பிள் செய்பவனுக்கு வண்டிக் கடன் கிடையாது!

வேலைக்காக ஊர் விட்டு வந்தவர்கள்தானே நாமும்? நம் சம்பளம் ஏறினால் முன்னேற்றம், அவன் சம்பளம் ஏறினால் நாடு குட்டிச்சுவரா? கொஞ்சம் யோசிங்க மக்களே.