பனியும் பணியும்

தேர்வுகள் முடிந்து தென்மேற்குப் பருவமழை தொடங்கும் வேளையில், தென்காசி, திருநெல்வேலிப் பக்கமிருந்து பாலருவி வண்டியிலும், சென்னை, மதுரைப் பக்கமிருந்து குருவாயூர் வண்டியிலும் எறணாகுளத்தில் வந்து இறங்கும் இளைஞர்களை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். கையில் ஒரு பெட்டி. சட்டைப்பையில் கல்லூரி கொடுத்த கடிதம். முகத்தில் பாதி மகிழ்ச்சி, பாதி மருட்சி. இவர்கள் வேலைக்கு வந்தவர்களும் அல்லர். வெறுமனே படிக்க வந்தவர்களும் அல்லர். வேலை செய்துகொண்டே தொழில் கற்க வந்த பயிற்சி மாணவர்கள். சிலர் பட்டறைகளுக்கும், சிலர் கணக்காயர் அலுவலகங்களுக்கும், சிலர் விடுதிச் சமையற்கூடங்களுக்கும் செல்கின்றனர். மட்டாஞ்சேரியில் அறையெடுத்துத் தங்குவோரும் முதல் ஞாயிற்றுக்கிழமை படகேறி, பிராட்வேயின் நெருக்கடிக்குள் நுழைந்து, வாளி, பாய், குடை ஆகிய மூன்றையும் வாங்கிச் செல்வர். அவர்களைப் பற்றியே இத்திங்கள் சில சொல்ல விரும்புகிறோம்.

இலண்டனுக்கோ ஜெர்மனிக்கோ செல்லும் பிள்ளை ஆறு திங்களுக்கு முன்பே ஆயத்தம் செய்கிறான். குளிர் எப்படி, உணவு எப்படி, பேச்சு எப்படி என்று பலரிடம் கேட்கிறான். கொச்சிக்கு வருகிறவனோ ஒன்றும் கேட்பதில்லை. ஓர் இரவுப் பயணந்தானே, கடவுச்சீட்டு வேண்டுமா, மொழியும் நம் மொழியின் உடன்பிறப்புத்தானே என்று எண்ணி வந்துவிடுகிறான். தொலைவான ஊர் நம்மை எச்சரிக்கை செய்கிறது. அண்மையில் உள்ள ஊர் அவ்வாறு எச்சரிப்பதில்லை. இதுவே இங்கு வரும் பிள்ளைகளின் முதல் இடர் என்பது நம் கருத்து.

உணவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. பருத்த மட்டை அரிசிச் சோறும் தேங்காய் எண்ணெயும் இரண்டு கிழமைகளில் பழகிவிடும். உணவுக்கடையில் இளஞ்சிவப்பு நிறத்தில் நீர் வைத்தால் முகம் சுளிக்க வேண்டா. அது பதிமுகம் என்னும் மரச்சீவல் இட்டுக் கொதிக்கவைத்த நீர். மழைக்காலத்தில் கொதித்த நீரைவிட நல்லது எது?

மொழிதான் கண்ணுக்குத் தெரியாத பள்ளம். முற்றிலும் புரியாத சொல்லால் இடர் இல்லை; புரியவில்லை என்பதாவது நமக்குத் தெரிகிறது. புரிந்ததுபோல் தோன்றும் சொல்லே ஆளைக் கவிழ்க்கிறது. "வெள்ளம்" என்றால் இங்கே குடிநீர். பரிமாறுகையில் "மதி" என்றால் போதும் என்று பொருள். இவை சிரித்துவிட்டுப் போகத்தக்கவை. ஆனால் பட்டறையில் மூத்த தொழிலாளி "சோதிச்சோ?" என்று வினவுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "கேட்டாயா?" என்பதே அதன் பொருள். நம் பையனோ "சோதித்துப் பார்த்தாயா?" என்று பொருள்கொண்டு தலையை ஆட்டுகிறான். மேலாளரைக் கேளாமலே இயந்திரம் ஓடத் தொடங்கினால், அந்த ஒரு சொல்லுக்கு விலையாக ஒரு விரலே போகலாமன்றோ?

சென்ற மழைக்காலத்தில் நாம் அறிந்த ஒரு தம்பிக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறோம். பெயர் வேண்டா. புதுச் செருப்புக் கடித்த புண்ணோடு, தெருவில் தேங்கிய நீரில் மூன்று நாள் நடந்து பயிற்சிக்குச் சென்றான். பின்னர்க் காய்ச்சல் கண்டது. ஒரு நாள் வராவிட்டாலும் சான்றிதழ் கிடைக்காதோ என்ற அச்சத்தால் அதை எவரிடமும் சொல்லவில்லை. அடுத்த வீட்டு அம்மையார் அவன் முகவாட்டத்தைக் கண்டு, "மோனே, பனியுண்டோ?" என்று பரிவோடு கேட்டார். இங்கே பனி என்றால் காய்ச்சல். அவன் காதில் அது பணி என்று விழுந்தது. "உண்டு சேச்சி, எட்டு மணிக்குப் போகணும்" என்றான். மருத்துவரிடம் போகிறான் என்று எண்ணி அவரும் உள்ளே போய்விட்டார். அவன் பணிக்குப் போனான்! நான்காம் நாள் கண் சிவந்து, கெண்டைக்கால் வலியால் பிராட்வேயில் ஒரு கடைப்படியில் உட்கார்ந்துவிட்டவனைக் கடைக்காரர்தாம் ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார்.

அது எலிப்பனி. எலி முதலியவற்றின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து, காலில் உள்ள புண்ணின் வழியே நோய்க்கிருமி உடம்பில் புகுகிறது. 2018ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்திற்குப் பின் கேரளத்தில் இந்நோய் பரவியபோது, தடுப்பு மாத்திரைகளை அரசே வழங்கியது. தொடக்கத்திலேயே கண்டால் எளிதில் தீரும். காலம் கடந்தால் ஈரலையும் சிறுநீரகத்தையும் பழுதாக்கி உயிரையும் வாங்கும். நம் தம்பி பிழைத்தான். ஆனால் அவனுக்கும் ஆபத்துக்கும் இடையே இருந்தது ஒரு னகர ணகர வேறுபாடு மட்டுமே என்பதை எண்ணுந்தோறும் நமக்கு நெஞ்சு நடுங்குகிறது.

கேளாமையும் சொல்லாமையும் அறிவில் குறைந்தோர்க்கு மட்டும் உரியன அல்ல. 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் திங்கள் 30 ரூபாய்ச் சம்பளத்தில் நம்மைப் போன்றதொரு குமாஸ்தாவாக இருந்தவர் கணிதமேதை இராமானுஜன். 1914இல் கேம்பிரிட்ஜ் சென்ற அவர், குளிர்கால இரவுகளில் மேலங்கி அணிந்து, சால்வையும் போர்த்திக்கொண்டு நடுங்கியவாறு உறங்கினார். அங்கே பயின்ற மகலனோபிஸ் அவர் அறைக்கு வந்தபோது, "இரவில் குளிர் தாங்குகிறதா?" என்று கேட்டார், படுக்கையைச் சென்று பார்த்தார். கம்பளங்கள் படுக்கையிலேயே ஒழுங்காகச் செருகி வைக்கப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது இராமானுஜனுக்குத் தெரியவில்லை! எண்களின் மறைபொருளைக் கண்டவர்க்கும் கம்பளத்தைக் காட்ட ஒருவர் வேண்டியிருந்தது. அந்த ஒருவர் தாமே முன்வந்து கேட்டார் என்பதுதான் நாம் கருத வேண்டியது.

ஆகவே பயிற்சிக்கு வரும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் நாம் கூறுவது: கேளுங்கள். புரியாததை மறுபடியும் கேளுங்கள். உங்கள் கடிதம் எத்தகையது என்பதையும் முதல் நாளே கேளுங்கள். 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டப்படி எழுதிப் பதிவு செய்த ஒப்பந்தமா, அல்லது கல்லூரிப் பாடத்தின் பகுதியான பயிற்சி மட்டுந்தானா? முன்னதாயின் உதவித்தொகை உண்டு. 2019இல் திருத்திய விதி, தகுதிக்கேற்ப 5,000 முதல் 9,000 ரூபாய் வரை குறைந்த அளவை வகுத்தது. அச்சட்டப்படி நீங்கள் தொழிலாளர் அல்லர், பயில்வோரே. ஆதலின் உரிய அதிகாரியின் இசைவின்றி உங்களை மிகைநேரம் வேலைவாங்கக் கூடாது. பயிற்சியில் காயமுற்றால் ஈட்டுத்தொகையும் உண்டு. பின்னதாயின் இச்சட்டத்தின் காப்பு இல்லை. ஆகவே நேரம், விடுப்பு, படி ஆகியவற்றைக் கல்லூரி வாயிலாக எழுத்தில் பெறுவது நன்று.

இனி, நம் குடும்பத்தார்க்கு ஒரு சொல். நாமும் ஒரு நாள் பெட்டியோடு வந்து இறங்கியவர்களே. பனி இன்னது, பணி இன்னது என்று நமக்கு யாரோ ஒரு சேட்டனும் ஓர் அண்ணாச்சியும் சொல்லித்தந்தனர். அந்தக் கடன் நம்மீது இருக்கிறது. பணம் கொடுக்க வேண்டா. பயிற்சி மாணவர் ஒருவரை ஞாயிறுதோறும் ஒருவேளை உணவுக்கு அழைத்தால் போதும். உண்ணும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்: இரவு உறங்கினாயா? காலில் புண் உண்டா? ஊருக்கு எழுதாத செய்தி ஏதேனும் உண்டா? "ஒன்றுமில்லை" என்பான். இன்னொரு கரண்டி சோறு இட்டு மீண்டும் கேளுங்கள்.

மழை வந்துகொண்டிருக்கிறது. இப்பணியில் நம் தாய்மார்கள் முன்நிற்பார்களாக.