பாரதச் சமஷ்டியும் ஊவாத் தோட்டங்களும்

ஊவா மலைநாட்டிலே வாழும் தமிழ் மக்களுக்குப் பாரத நாடென்பது பெரும்பாலும் ஓர் உணர்ச்சி. பாட்டனார் வந்த ஊர் திருச்சிராப்பள்ளியைச் சார்ந்ததா, சேலத்தைச் சார்ந்ததா, புதுக்கோட்டையைச் சார்ந்ததா என்பதை நினைவில் வைத்திருக்கும் குடும்பங்கள் இன்றும் பசறையிலும் மடுல்சீமையிலும் உள. ஆயினும் அந்நாடு எவ்வாறு ஆளப்படுகின்றது என்று உயர்தர வகுப்பு மாணாக்கரை வினவினால், பிரதம மந்திரியின் பெயரைச் சொல்லும் அளவில் விடை நின்றுவிடுகின்றது. இஃது எமக்குக் கவலை தருவதொன்று. பதுளை நகரிலே கூடவேண்டிய ஊவா மாகாண சபை அந்நாட்டு மாநில ஆட்சியைப் பார்த்து வரையப்பட்டதாகும். மூலத்தை அறியாதவர் படியின் குறையையும் அறியார். விழா மலருக்கு இப்பொருளை யாம் தேர்ந்துகொண்டது அது பற்றியே.

முதலிற் சொல்லை நோக்குவோம். தமிழாசிரியர்க்கு அப்பழக்கம் விடாது. இலங்கையிலே நாம் 'சமஷ்டி' என்கின்றோம். தமிழகத்தார் 'கூட்டாட்சி' என்கின்றனர். இவ்விரண்டும் வெவ்வேறு ஆட்சி முறைகள் என்று எண்ணும் மாணாக்கரும் உளர். பாரத அரசியலமைப்பின் முதலாம் உறுப்புரையோ அந்நாட்டை 'மாநிலங்களின் ஒன்றியம்' என்றே குறிக்கின்றது. 2021ஆம் ஆண்டிலே தமிழக அரசு 'மத்திய அரசு' என்னும் வழக்கை விடுத்து 'ஒன்றிய அரசு' என்று எழுதத் தொடங்கியபோது, அவ்வொரு சொல்லே பெருவாதமாயிற்று. எம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு யூனியன் என்றால் தொழிற்சங்கம். பஞ்சாயத்து என்றால் தலைவர் வீட்டு வாசலிலே பேசித் தீர்க்கும் வழக்கு. இவ்விரு சொற்களும் கடலுக்கப்பால் அரசியற் சட்டத்தின் சொற்களாய் நிற்கின்றன.

1946ஆம் ஆண்டு டிசெம்பர் 9ஆம் நாள் கூடிய அரசியல் நிர்ணய சபை, டாக்டர் அம்பேத்கரின் தலைமையில் அமைந்த வரைவுக் குழுவின் துணையோடு ஆக்கிய அரசியலமைப்பு, 1949ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் ஏற்கப்பட்டு, 1950ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் உயிர்நிலை ஏழாம் அட்டவணை. அதிகாரங்கள் அங்கே மூன்று பட்டியல்களாக வகுக்கப்பட்டுள. பாதுகாப்பு, வெளிநாட்டு விவகாரம், நாணயம், புகையிரதம் ஆகியன ஒன்றியத்துக்கு. பொலிஸ், பொதுச் சுகாதாரம், நிலம், உள்ளூராட்சி ஆகியன மாநிலத்துக்கு. இருசாராரும் சட்டமியற்றத்தக்கன பொதுப் பட்டியலில். மூன்றிலும் அடங்காதன ஒன்றியத்துக்கே உரியன. இன்று அங்கே 28 மாநிலங்களும் 8 ஒன்றிய ஆட்சிப் பகுதிகளும் உள. மக்களவையின் 543 இடங்களுள் தமிழகத்துக்கு 39. வரிப்பணத்தைப் பங்கிடுதற்கு நிதி ஆணைக்குழு ஒன்று காலந்தோறும் அமைக்கப்படுகின்றது. பங்கிடத்தக்க வரியில் 41 வீதம் மாநிலங்களைச் சேரவேண்டும் எனப் பதினைந்தாவது ஆணைக்குழு விதந்துரைத்தது.

இவ்வமைப்பை முற்றும் புகழ்வார் அதன் வரலாற்றைப் படித்தவரல்லர். 356ஆம் உறுப்புரையைக் கொண்டு ஒன்றியம் மாநில ஆட்சிகளைக் கலைத்தது பலமுறை. 1959இல் கேரளத்து நம்பூதிரிப்பாடு அமைச்சரவை அவ்வாறு வீழ்ந்தது. 1976இல் தமிழகத்துத் தி. மு. கழக ஆட்சி வீழ்ந்தது. 1994இல் பொம்மை வழக்கிலே உயர்நீதிமன்றத்தின் மேலான உச்ச நீதிமன்றம் அவ்வதிகாரத்துக்கு எல்லை வகுத்த பின்னரே அவ்வழக்கம் தணிந்தது. முன்னர் மாநிலப் பட்டியலில் இருந்த கல்வியை 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம் பொதுப் பட்டியலுக்கு மாற்றிவிட்டது. அதன் பூசல் இன்றும் ஓயவில்லை. பங்கிட்டுக் கொடுத்த அதிகாரத்தை மீளக் கவரும் ஆசை பெரிய நாட்டுக்கும் உண்டு.

சமுதாயத்தை நோக்கினால், சமமில்லாத மக்களைச் சமமென்று எழுதிவிட்டு அச்சட்டம் வாளா இருந்துவிடவில்லை. தீண்டாமையை 17ஆம் உறுப்புரை ஒழித்தது. சென்னை மாகாணத்து வகுப்புவாரி இடஒதுக்கீடு செண்பகம் துரைராசன் வழக்கிலே செல்லாதென்றாகியபோது, 1951ஆம் ஆண்டிலேயே முதலாவது திருத்தம் செய்து அதற்கு வழி திறந்தனர். ஆயினும் தோட்டத் தொழிலாளரின் நிலை அங்கும் சிக்கலானதே. அசாமியத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட பழங்குடியினர், தம் முன்னோர் வாழ்ந்த மாநிலத்திலே பெற்றிருக்கும் பட்டியற் பழங்குடித் தகுதியை அசாமிலே பெறாது பல்லாண்டுகள் போராடி வந்துள்ளனர். எல்லைக்கோட்டைக் கடந்ததும் உரிமை மாறுகின்றது.

மொழிவாரி மாநிலங்களின் கதையிலே எமக்கு மிக அணித்தான பகுதி ஒன்றுண்டு. பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாநோன்பிருந்து 1952 டிசெம்பரில் உயிர்நீத்தார். அடுத்த ஆண்டு ஆந்திர மாநிலம் தோன்றிற்று. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் தென்னகம் முழுவதும் மொழிவழியே பிரிக்கப்பட்டது. இவ்வளவும் பலர் அறிவர். அந்நாளிலே கன்னியாகுமரி தமிழகத்தோடு சேர்ந்தது. தமிழ்த் தொழிலாளர் நிறைந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. நேசமணி முதலானோர் அவற்றையும் சேர்க்க வேண்டுமென்று போராடினர். தோட்டத் தொழிலாளர் வந்துபோகும் கூட்டத்தினர், அவர் தொகையைக் கொண்டு எல்லை வகுத்தலாகாது என்னும் வாதம் அங்கே அவர்க்கெதிராக எழுந்தது. இவ்வாதம் ஊவாவில் உள்ளார்க்குப் புதியதன்று. மொழிக்கு மாநிலம் அமைத்த பெருநாட்டிலும், மலைமேற் கொழுந்து பறித்த தமிழர் சிறுபான்மையினராகவே எஞ்சினர்.

ஆகவே, சமஷ்டி வந்தால் மலையகத்தார் துயர் தீரும் என்று மேடையிலே கூறுவாருடன் யாம் உடன்படுவதிற்கில்லை. பதுளை மாவட்டத்திலே ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே தமிழர். அவரும் ஹப்புத்தளை முதல் லுணுகலை வரை சிதறி வாழ்கின்றனர். எந்தக் கோட்டை எவ்வாறு வரைந்தாலும் நாம் பெரும்பான்மையாகும் மாநிலம் இங்கே எழாது. அங்ஙனமாயின் அயல்நாட்டு ஆட்சியிலே எமக்குப் பயன்படுவது யாது? அதன் மேற்றளத்தில் அன்று, கீழ்த்தளத்திலே உள்ளது.

1993ஆம் ஆண்டு ஏப்பிரல் 24ஆம் நாள் முதல் நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தம் கிராமப் பஞ்சாயத்துக்களை அரசியலமைப்புக்குள்ளே கொண்டுவந்தது. மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடம் பெண்களுக்கு. பட்டியற் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அவரவர் தொகைக்கேற்ற இடம். இவற்றினும் சிறந்ததாக யாம் கருதுவது, ஐந்தாண்டு முடியுமுன்னரே அடுத்த தேர்தல் நடந்து முடிதல் வேண்டும் என்று அரசியலமைப்பிலேயே எழுதிவைத்த விதி. இவ்விதியையும் மீறினோர் உளர். தமிழகத்திலேயே 2016இல் நடக்கவேண்டிய ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசெம்பர் வரை நடக்கவில்லை. ஆனால் மீறினர் என்று வழக்குத் தொடர்வதற்கு அங்கே ஒரு விதி இருந்தது.

அவ்விதி தோட்டத்திலே எவ்வாறு வேலை செய்யும் என்பதற்கு மூணாறு சான்று. மேலே சொன்ன தேவிகுளத்துப் பகுதியிலே, 2015ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம், கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்கள் போனசுக் குறைப்பை எதிர்த்து ஆயிரக்கணக்கில் வீதியில் அமர்ந்தனர். கம்பனியை மாத்திரமன்றித் தம் பெயராற் பேசிவந்த தொழிற்சங்கத் தலைவர்களையும் அவர்கள் விலக்கிவைத்தனர். 'பெண்பிளை ஒருமை' என்பது அவ்வியக்கத்தின் பெயர். அத்தகைய கோபங்கள் எங்கும் எழுகின்றன, எங்கும் அடங்குகின்றன. அங்கே நிகழ்ந்ததோ வேறு. கேரளத்தில் உள்ளாட்சித் தேர்தல் அவ்வாண்டு நவம்பரில் உரிய காலத்திலே வந்தது. இடங்களிற் பாதி பெண்களுக்குரியது. போராடிய பெண்களிற் சிலர் இரு மாதங்களுள் வேட்பாளராகிப் பஞ்சாயத்து உறுப்பினராகவும் வென்றனர். அவ்வியக்கம் பின்னர் பிளவுற்றது உண்மை. எனினும், கூடையை இறக்கிவைத்த பெண் வரவு செலவுத் திட்டத்துக்குக் கையுயர்த்தும் இடத்துக்கு ஒரே பருவத்திலே சென்றதற்கு நாட்காட்டியிற் குறித்த தேர்தலே காரணம்.

இனி எம் நாட்டுக்கு வருவோம். 1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே இலங்கை இந்தியக் காங்கிரசு 7 இடங்களை வென்றது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் தோட்டத் தமிழரிற் பெரும்பாலாரின் வாக்கை நீக்கின. 1964இல் சிறிமாவோ பண்டாரநாயக்க அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியாரும் செய்த உடன்படிக்கை, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரைப் பாரதத்துக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974ஆம் ஆண்டு உடன்படிக்கை சரிபாதியாகப் பகுத்தது. பதுளையிலிருந்து புறப்பட்ட கோச்சியிலே தலைமன்னார் நோக்கி அழுதுகொண்டு சென்றோரின் உறவினர் இம்மலரைப் படிப்போரிலும் இருப்பர். சென்றோர் கூடலூரிலும் கோத்தகிரியிலும் மீண்டும் தேயிலைக்கே சென்றனர். ஆயினும் அங்கே வாக்காளராயினர். இங்கே இருந்தோருட் கடைசி எச்சத்தினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் வந்தது.

வாக்குரிமை மீண்டது, வாக்கினால் ஆகவேண்டிய கீழ்த்தளம் மீளவில்லை. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டத்து லயன்களுக்குச் சபைப் பணத்தைச் செலவிடுவதற்குத் தடையாய் நின்றது. தெருவிளக்கு வேண்டி வாக்களித்தவனுடைய தெரு, சபையின் தெருவாக இல்லை. முப்பது ஆண்டுக்கு மேல் நின்ற அத்தடை 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தினாலேதான் நீங்கிற்று. 13ஆவது திருத்தம் தந்த மாகாண சபையோ, மூன்று பட்டியல்களையும் ஒன்பதாம் அட்டவணையாகப் பாரதத்திலிருந்து பெற்றுக்கொண்டது. உரிய காலத்திலே தேர்தல் நடத்தியே தீரவேண்டும் என்னும் உறுதியைப் பெறவில்லை. ஊவா மாகாண சபைக்கு 2014ஆம் ஆண்டு செப்டெம்பர் 20ஆம் நாள் தேர்தல் நடந்தது. 2019இல் அதன் காலம் முடிந்த பின் ஆளுநர் ஆட்சியிலே ஆண்டுகள் கழிந்தன. உள்ளூராட்சித் தேர்தலும் 2023இல் நடவாது 2025 மே மாதம் வரை தள்ளிப்போயிற்று.

அச்செப்டெம்பர்த் தேர்தல் முடிந்து நாற்பது நாள் நிறையுமுன், 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையிலே மலை சரிந்து லயன்களை மூடிற்று. அவ்விடம் ஆபத்தானதென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. நிலம் அரசினது; குத்தகை கம்பனியினது; வீடமைப்பு ஓர் அமைச்சினது; அனர்த்த முகாமை வேறோர் அமைச்சினது; பிரதேச சபைக்கோ அக்காலத்திலே தோட்டத்துக்குள் வேலை இல்லை. எச்சரிக்கை யார் கையிலே செயலாகியிருக்க வேண்டும் என்று இன்று வினவினாலும் ஒரு பெயரைச் சுட்டுதல் அரிது. அதிகாரத்தைப் பங்கிடும் கலையைப் படிக்க வேண்டுமென யாம் கூறுவது பரீட்சைக்காக மட்டுமன்று.

இவ்விடயத்தை வகுப்பிலே பேசினால் ஐயுறவு எழும் என அஞ்சுவார் சில அன்பர். அவர்க்கொன்று கூறுவோம். இந்நாட்டிலே சமஷ்டியை முதலில் எடுத்துரைத்தோர் தமிழரல்லர். 1926இல் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க அவர்கள் அதனை ஆதரித்து எழுதினார். டொனமூர் ஆணைக்குழுவினர் முன் கண்டிய தேசிய சபையார், மலைநாடு தனியலகாக அமையும் சமஷ்டியையே வேண்டினர். ஊவாவும் அம்மலைநாட்டைச் சேர்ந்ததே. அதே கண்டித் தலைவர்கள் தோட்டத் தமிழருக்கு வாக்களித்தலை எதிர்த்தனர் என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. இரண்டையும் சேர்த்தே படிப்பிக்கலாம்.

பழைய மாணவர் சங்கத்தார்க்கு எம் வேண்டுகோள் சிறியது. பாரத அரசியலமைப்பின் தமிழ்ப் பதிப்பு, இலங்கை அரசியலமைப்பின் தமிழ்ப் பதிப்பு, பிரதேச சபைச் சட்டம் ஆகிய மூன்றிலும் பத்துப் பத்துப் பிரதிகள் கல்லூரி நூலகத்துக்கு வாங்கித் தருக. ஏழாம் அட்டவணையையும் ஒன்பதாம் அட்டவணையையும் அடுத்தடுத்து வைத்து உயர்தர வகுப்பாருக்கு வாசித்துக் காட்டும் பணியைச் சனிக்கிழமை காலைகளிலே யாம் ஏற்றுக்கொள்ளுகின்றோம். தெமோதரைக்கும் நமுனுகுலைக்கும் செல்லும் பிள்ளைகள் பகல் பஸ்ஸைத் தவறவிடாதபடி பதினொரு மணிக்குள் வகுப்பை முடித்துவிடுவோம்.