சுட்டால் உரமாகிவிடுமா?

“எப்பாவலப் பாறையைச் சூளையில் சுட்டாலே போதும், நெல்லுக்கு உரம் தயார்.” உரத் தட்டுப்பாடு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் மேடையேறி இதைச் சொல்கிறார், கைதட்டலும் கிடைக்கிறது. 1971இல் அநுராதபுர மாவட்டத்தில் கண்டறியப்பட்ட அந்தப் பொஸ்பேட் பாறைப் படிவின் மீது கட்டப்பட்ட இந்தப் பொய் நம்பிக்கையை இனியும் விட்டுவைக்க முடியாது.

“சூட்டில் பாறை இளகும், பயிர் எளிதில் உறிஞ்சும்.” நடப்பது நேர்மாறு. பொஸ்பேட் பாறையின் முக்கியக் கனிமம் அபடைட். துனீசியாவின் கஃப்சா போன்ற கடற்படிவுப் பாறைகளில், அந்தப் படிகத்தில் பொஸ்பேட்டின் இடத்தில் ஓரளவு காபனேற்று புகுந்திருக்கிறது. அதனால் படிகம் பலவீனமாகி, அமில மண்ணில் கரைகிறது. கஃப்சாப் பாறை வெறும் மாவாகவே உரமாகப் பயன்படுவது இதனால்தான். அதை 900 பாகை செல்சியசில் சுடுங்கள்: காபனேற்று வாயுவாகப் போய்விடும், படிகம் இறுகும், நுண்துகள்கள் ஒட்டிப் பருக்கும், கரையும் மேற்பரப்பு சுருங்கும். பச்சை மண்பானை தண்ணீரில் கரையும், சுட்ட பானை கரையுமா? எப்பாவலவின் அபடைட் படிகங்களோ பாறைக்குழம்பிலிருந்தே பிறந்தவை. காபனேற்று மிகக் குறைவு, ஆரம்பத்திலேயே இறுக்கமானவை. பூமியின் கொதிப்பில் உருவாகி, கரைய மறுத்து நிற்கும் கல்லைச் சூளை எப்படி இளக்கும்?

“சுட்ட பொடியில் பொஸ்பரஸ் வீதம் கூடுகிறதே!” நீரும் வாயுவும் போனால் மிச்சத்தின் வீதம் கூடத்தான் செய்யும். பயிருக்கு வேண்டியது கரையும் பங்கு. ஒரு கிராம் பொடியை 100 மில்லிலீற்றர் 2% சிட்ரிக் அமிலத்தில் போட்டுக் குலுக்கி, வடிகட்டி, வடிநீரில் எவ்வளவு பொஸ்பரஸ் இறங்கியது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

“கிறிஸ்மஸ் தீவில் சுட்டார்களே!” அங்கே சுட்டது கிரண்டலைட் என்ற அலுமினியம் கலந்த கனிமம். சுமார் 500 பாகையில் நீர் வெளியேறி அதன் படிக அமைப்பே குலைவதால் கரைதிறன் கூடுகிறது. அபடைட்டுக்கு அது பொருந்தாது.

“ஜெர்மனியில் ரெனானியா உரம்?” அங்கே சோடாவும் சிலிக்காவும் சேர்த்து, 1200 பாகை அளவில் புதிய கனிமமே உருவாக்கினார்கள்.

எப்பாவலப் பாறையை நன்றாக அரைத்துத் தேயிலை, இறப்பர் வளரும் அமில மண்ணில் இடலாம். நெல்லுக்கு வேண்டுமானால் அமிலத்தோடு வினைபுரிய வைக்கும் ஆலை வேண்டும். சூளைக்குப் பணம் கேட்பவர்கள், சுட்டதும் சுடாததுமான இரண்டு பொடிகளின் சிட்ரிக் அமிலப் பரிசோதனை முடிவை முதலில் விவசாயியிடம் காட்டட்டும்.