மரத்தில் மாத்திரை காய்க்கவில்லை

ஆப்பிரிக்க மரம் ஒன்று காலங்காலமாக வேரில் வைத்திருந்த வலிநிவாரணியை ஜெர்மன்காரர்கள் களவாடி டிரமடால் மாத்திரையாக்கிவிட்டார்களாம். இயற்கையில் விளைந்ததால் அது ஆபத்தும் இல்லாததாம். போன இதழில் நண்பர் முழங்கியிருக்கிறார். பாதிக் கதையைப் படித்துவிட்டுப் பேனாவை எடுத்தால் இப்படித்தான் ஆகும்.

அந்தப் பாதி உண்மைதான். மரத்தின் பெயர் நாக்லியா லாட்டிஃபோலியா. நம் கடம்புக்கு உறவு. அதே பந்துப் பூ. கேமரூனில் காய்ச்சலுக்கும் வலிக்கும் வலிப்புக்கும் கைவைத்தியமாகப் பயன்படுகிறது. 2013இல் ஓர் ஆய்வுக்குழு அதன் வேர்ப்பட்டையில் டிரமடால் இருப்பதாக அறிவித்தது. நண்பர் அதோடு நிறுத்திக்கொண்டார்.

அடுத்த ஆண்டே ஜெர்மனியின் டோர்ட்மண்டைச் சேர்ந்த மிக்கேல் ஷ்பிட்டெல்லரின் குழு அதைப் போட்டு உடைத்தது. வட கேமரூன் மரங்களில்தான் டிரமடால் இருந்தது. தெற்கே அதே மரத்தில் இல்லை. வடக்கிலோ வேறு செடிகளிலும் மண்ணிலும் நீரிலும்கூட இருந்தது. கூடவே, பாலூட்டிகளின் உடலுக்குள் டிரமடால் சிதைந்து உண்டாகும் பொருட்களும் கிடைத்தன. மரம் எப்போது மூத்திரம் பெய்யக் கற்றது? விஷயம் இதுதான்: வெயிலில் களைக்காமல் உழைக்க அங்குள்ள விவசாயிகள் இந்த மாத்திரையைத் தாங்களும் விழுங்கி, மாடுகளுக்கும் கொடுக்கிறார்கள். கழிவில் வெளியேறியது மண்ணில் இறங்கியது, வேர் உறிஞ்சியது.

2016இல் கார்பன்-14 சோதனையும் வந்தது. செடி தயாரித்த பொருள் என்றால் அதில் கார்பன்-14 இருந்தே ஆக வேண்டும். வட கேமரூனின் மரூவா சந்தையில் வாங்கிய மாத்திரையிலும் அது இல்லை, அப்பகுதி மண்ணிலிருந்து பிரித்த டிரமடாலிலும் இல்லை. இரண்டும் கார்பன்-14 இல்லாத பெட்ரோலியத்தின் பிள்ளைகள்.

களவுக் கதையைப் பார்ப்போம். ஜெர்மனியின் குரூனெந்தால் நிறுவனம் 1962இல் உருவாக்கி, 1977இல் விற்பனைக்கு விட்ட மருந்து இது. அது வேரில் இருப்பதாக 2013இல்தான் தெரியவந்தது. வீட்டில் இல்லாத பொருளை எந்தத் திருடன் எடுத்துப் போவான்?

அப்புறம் 'இயற்கை, ஆகவே ஆபத்தற்றது'. அரளிக் கொட்டையும் இயற்கைதான், அபினும் இயற்கைதான். நண்பர் ருசி பார்ப்பாரா?

எனக்கு உண்மையில் எரிச்சலூட்டுவது வேறு. ஸ்ட்ரிக்டோசமைடு போன்ற தனக்கே உரிய ஆல்கலாய்டுகளைக் கொண்ட மரம் அது. அதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஜெர்மன் மாத்திரை உள்ளே இருந்தால்தான் ஆப்பிரிக்க வைத்தியத்துக்கு மதிப்பு என்று கருதுகிறவர், அந்த மரபுக்கு வக்காலத்து வாங்க வந்துவிட்டார்!

டிரமடால் பழக்கமாகிவிடும் ஓபியாய்டு. இந்தியா 2018இல் அதைப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. வீட்டில் அந்த அட்டை இருந்தால், மரத்தில் விளைந்தது என்று யார் சொன்னாலும், மருத்துவர் எழுதிய அளவைத் தாண்டாதீர்கள்.